சைகோனில் என் திவசச் சாப்பாடு

காரைக்காலில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருடமும் என்னைப் படுத்திய சொல் 'டெலிகஸி'. வருடத்துக்கு ஒரு மாணவனாவது எழுந்து அதற்கு அர்த்தம் கேட்பான். குழந்தையின் கன்னத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். தொட்டால் உடையும் பீங்கானுக்கும், தேறாத உடம்புக்கும் பொருந்தும். விருந்தில் தேடிப் பிடித்து வைக்கிற அரிய பண்டத்துக்கும் அதே சொல்தான். ஒருவர் மனம் நோகாமல் ஒன்றைச் சொல்வதற்கும், சொல்லாமலே விட்டுவிடுவதற்கும்கூட அதுதான். இந்தக் கடைசி அர்த்தத்துக்கு நான் கரும்பலகையில் 'இங்கிதம்' என்று எழுதிக் கீழே கோடு போடுவேன். கோடு போடும்போதெல்லாம் நான் எழுதிய ஒரு கடிதம் நினைவுக்கு வரும். மாணவர்களிடம் அதைச் சொன்னதில்லை. இப்போது எழுபத்தெட்டு வயதாகிறது. சொல்லிவிடுகிறேன்.

சைகோனுக்குப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. என் மகள் கவிதாவும் மருமகனும் அந்த நகரத்தின் தூ டுக் பகுதியில், ஒரு தொழிற்பூங்காவில் வேலை பார்க்கிறார்கள். நான்கு வருடமாகக் கூப்பிட்டாள். மூட்டுவலி, சர்க்கரை, மழைக்காலம் என்று நாசூக்காகத் தள்ளிப்போட்டு வந்தேன். இளவயதில் அந்த ஊரில் ஆறு வருடம் நான் வேலை பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியும். அங்கிருந்து திரும்பிய பிறகு என்ன செய்தேன் என்பதுதான் தெரியாது. இந்த ஆடியில் அவளே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து வெங்காய வடகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பு உருண்டை, கடுகும் பூண்டுமாக நெடி. "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் ஊர் டெலிகஸி" என்றேன். "மிருகமா?" என்றார். "வெங்காயம்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் இரண்டு பேரை அழைத்தார். மூவரும் முறை வைத்து முகர்ந்தார்கள். ஒருவர் தும்மினார். கடைசியில் பையை மூடி, கண்ணாடிக் கோப்பை படம் போட்ட சிவப்புச் சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்கள். உடையக்கூடியது, ஜாக்கிரதை என்று அதற்குப் பொருள். என் வாழ்நாளில் வடகத்துக்கு அந்த மரியாதை கிடைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, மகள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே காப்பி குடித்தேன். கோப்பையின் தலையில் ஒரு தகர வடிகட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து காப்பி சொட்டுச் சொட்டாக இறங்கும். நம் ஊரில் இதற்குள் இரண்டு பேர் குடித்துவிட்டுத் தினசரியையும் பங்கு போட்டுப் படித்திருப்பார்கள். அடியில் கெட்டியாக நின்ற பாலைக் கலக்காமல், மேலே இருந்த கறுப்பை மட்டும் குடித்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு பெண்கள்.

"அந்தத் தாத்தா பாலைத் தொடவே இல்லை, பார்த்தாயா?"

"வீட்டில் மருமகளோடு சண்டையாக இருக்கும். கோபத்தில் கசப்பாகக் குடிக்கிறார்."

நான் திடுக்கிட்டேன். சொன்னதற்காக அல்ல, அது எனக்குப் புரிந்ததற்காக. நாற்பத்தெட்டு வருடம் பேசாத மொழி. செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். காது மட்டும் அதை உயிரோடு வைத்திருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் மெட்ரோ ரயிலில் பென் தான் மார்க்கெட்டுக்குப் போனேன். ரயில் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் எங்கே உட்காருவது என்று தயங்கி, கடைசிவரை நின்றுகொண்டே போனேன். இரண்டு நாளில் ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று த்ருவோங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் கேட்கலாம் என்று நினைத்தேன். இன்னொரு வீட்டைப் பற்றியும் அங்கே கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்காமலே திரும்பிவிடலாம் என்றும் நினைத்தேன்.

கோயிலில் கூட்டம் முழுவதும் வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்னால் இருக்கும் கல்சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, உள்ளங்கைகளையும் பதித்து, வேண்டுவதைச் சுவரிடமே சொல்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள், மகனுக்கு ஒரு நல்ல பெண் வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் வேண்டாம் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. கல் குளிர்ச்சியாக இருந்தது. "தாயே, அவர்களை என் கண்ணில் காட்டு. முடிந்தால் காட்டாதே" என்றேன்.

வாசலில் மல்லிகைச் சரம் விற்ற பெண்ணிடம் தர்ப்பணத்தை விளக்க முயன்றேன். எள், தண்ணீர், செத்துப்போன அப்பா என்று கையைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யாருக்கோ போன் செய்தாள். பத்து நிமிடத்தில் ஒரு பழைய ஹோண்டாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து இறங்கினார். முகம் வியட்நாமிய முகம். மீசை நம் ஊர் மீசை.

"வணக்கம் மிஸ்யே. தர்ப்பணமா கேட்டீங்களாம்? அதுக்கு இங்க இப்ப ஆளு இல்ல. எள்ளு வேணும்னா மார்க்கெட்ல வாங்கித் தர்றேன். தண்ணி ஆத்துல கெடக்கு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அசல் காரைக்கால் பேச்சு, 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சு 'மிஸ்யே' உட்பட. "நீங்க தமிழா?" என்றேன்.

"பாதி. அம்மா இந்த ஊரு, பாப்பா காரைக்கால். சவரிமுத்துன்னு. துணிக்கடையில இருந்தாரு. இந்தியாக்காரவுங்க இங்க ஏதாச்சும் புரியாம கேட்டா என்னைத்தான் கூப்புடுவாங்க. எம் பேரு அந்துவான். ஒங்க பேரு?"

நான் தேடவேண்டாம் என்று வேண்டிக்கொண்ட வீடு ஹோண்டாவில் ஏறி என்னைத் தேடி வந்திருந்தது. என் பெயர் வைத்தியலிங்கம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாய் சொன்னது வேறு.

"சாமிநாதன்."

அந்துவான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எந்தச் சாமிநாதன்? தோந்தோன் வைத்தியோட தம்பியா? எங்களுக்கு லெட்டர் போட்டவரா?" பிரெஞ்சுக்காரர்கள் அப்பாவைப் பாப்பா என்பார்கள், மாமாவைத் தோந்தோன் என்பார்கள். அந்துவானின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நாளைக் கழிச்சு தோந்தோனுக்கு யோ. நாப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல வைக்கிறோம். அவுங்க சொந்தத்துல ஒருத்தர்கூட வந்ததில்ல. கடவுளாப் பாத்து ஒங்கள அனுப்பியிருக்காரு!"

யோ என்றால் அந்த ஊரில் ஒருவர் இறந்த திதியில் வருடாவருடம் படைக்கும் விருந்து. சாமிநாதன் என்று எனக்குத் தம்பி கிடையாது. உடன்பிறந்தவர்களே கிடையாது. அந்தத் தம்பியை நான்தான் உண்டாக்கினேன். ஏன் என்று சொல்கிறேன்.

சைகோனில் ஒரு தமிழர் ஜவுளிக்கடையில் நான் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். சவரிமுத்து அண்ணன் அங்கே துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். அவர் மனைவி லான் எனக்கு அண்ணி. வெளியே சுத்த சைவமாக இருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியின் சமையலறையில் மீன் தலைவரை போய்விடுவேன். பதிலுக்கு அண்ணிக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஆட்சி மாறியது. கடை மூடியது. இந்திய பாஸ்போர்ட் இருந்ததால் நான் அடுத்த வருடம் ஊருக்குக் கிளம்பினேன். அண்ணனிடம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர் என்று நிரூபித்தால் குடும்பத்தோடு வெளியேறலாம் என்றார்கள். அதற்குக் காரைக்கால் மாதா கோயிலில் அவருடைய ஞானஸ்நானச் சான்று வேண்டும். "வைத்தி, போனதும் வாங்கி அனுப்பிடு" என்றார். விமான நிலைய வாசலில் என் தோளில் கை வைத்துச் சொன்னார். அனுப்புகிறேன் என்றேன்.

மாதா கோயில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். என் வீடு என்பது சவரிமுத்து அண்ணனின் தமையன் வீட்டு மாடி. அங்கேதான் குடியிருந்தேன். தமையன் ஒருநாள் மாடிக்கு வந்து, "அவன் அந்தப் பொம்பளையையும் புள்ளையையும் கூட்டிட்டு வந்து வாசல்ல நிப்பான். வீட்டுல பாதி கேப்பான். நீங்க படிச்சவுங்க, பாத்து நடந்துக்குங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் அவர் வீட்டிலிருந்து மாடிக்குக் கொடுவா மீன் குழம்பு வரும். அது தொடர்ந்து வந்தது. நான் மாதா கோயிலுக்குப் போகவில்லை.

அண்ணனிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. உங்கள் சொந்த அண்ணனே வேண்டாம் என்கிறார் என்று எப்படி எழுதுவது? அவர் மனம் நோகுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது கடிதம் வந்ததும் நான் செத்துப்போனேன். தமிழில் எழுதினால் பொய் தெரிந்துவிடும் என்று ஆங்கிலத்தில், எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, சாமிநாதன் என்ற தம்பியாக எழுதினேன். தங்கள் காகிதத்துக்காக அலுவலகம் அலுவலகமாக வெயிலில் அலைந்த என் அண்ணன் காய்ச்சல் கண்டு ஆடி அமாவாசையன்று காலமானார் என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது, மிகவும் இங்கிதமான கடிதம் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. பதில் வரவில்லை. அதன்பின் அவர்களிடமிருந்து கடிதமே வரவில்லை.

இதைத்தான் செய்தேன்.

மறுநாள் முழுவதும் மூட்டுவலி என்று படுத்திருந்தேன். போகாமல் இருந்துவிடலாம். இன்னொரு முறை செத்துப்போவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்துவான் கவிதாவின் எண்ணை வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு நேரம் சொல்லிவிட்டார்.

"யாரோ அந்துவானாம்ப்பா. நாளைக்குப் பதினொரு மணிக்கு யோவுக்கு வரச் சொல்றாரு. யாருக்குப்பா யோ?"

"வைத்தியலிங்கம்னு ஒருத்தருக்கு."

"உங்க பேரேவா?"

"ஆமாம்மா."

"பாவம். போய்ட்டு வாங்க. சாப்பாடு லேட்டாகும், சுகர் இறங்கிடப்போகுது. பாக்கெட்ல பிஸ்கட் வெச்சுக்குங்க."

அமாவாசையன்று பென் தான் நிலையத்தில் இறங்கியபோது மழை கொட்டியது. அந்துவான் ஹோண்டாவோடு காத்திருந்தார். அந்த ஊர் மழைக்கோட்டில் பின்னால் உட்காருபவருக்கும் ஒரு வால் உண்டு. அதை என் தலைமேல் இழுத்துப் போட்டுவிட்டு, "என்னைக் கட்டிப் புடிச்சுக்குங்க" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீலநிற இருட்டும், அந்துவானின் சட்டை முதுகும், என் செருப்புக்குக் கீழே ஓடும் தண்ணீரும்தான். எந்தத் தெருக்களைப் பார்க்கப் பயந்து நான்கு வருடம் தள்ளிப்போட்டேனோ, அந்தத் தெருக்கள் வழியாக ஒன்றையும் பார்க்காமல் போனேன். சுற்றிலும் ஆயிரம் வண்டிகளின் ஹாரன். நடுவே அந்துவானின் குரல் முதுகு வழியாகக் கேட்டது.

"தோந்தோன் எங்களுக்காக உயிரை விட்டாரு. அம்மா எனக்கு அதைச் சொல்லித்தான் வளத்தாங்க. கூட வேலை பாத்தவுங்க எல்லாம் பாரீஸ் போனாங்க. நாங்க போவல. பாப்பா அப்புறம் யாருக்கும் லெட்டர் போடல. 'ஒருத்தன் செத்தது போதும்'னுட்டாரு."

மழைக்கோட்டுக்குள் இருந்ததால் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் என் மௌனத்தால் தாமதப்பட்டார், பிறகு வேறு யார் மூலமாவது முயன்றிருப்பார் என்றுதான் இத்தனை வருடம் எண்ணியிருந்தேன். அவர் முயலவே இல்லை.

"பாப்பா எப்ப தவறினார்?"

"ஆச்சு, இருவது வருசம். அம்மா இருக்காங்க. ஆனா ஹார்ட் ரொம்ப டெலிகா. அதிர்ச்சி குடுக்குற மாதிரி எதுவும் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க தோந்தோனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க, போதும்."

வீடு சோலோனில், சீனர்கள் நிறைந்த பகுதியில், ஒரு சந்துக்குள் இருந்தது. கூடத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள், அவற்றுக்கு நடுவே நீலப் பிளாஸ்டிக் முக்காலிகள், அக்கம்பக்கத்தார் இருபது பேர். சுவரோரம் உயரமான படையல் மேஜை. அதன் மேல் ஒரு சிலுவை, அதற்குக் கீழே புத்தர், அதற்கும் கீழே இரண்டு படங்கள். ஒன்று சவரிமுத்து அண்ணன், நரைத்த தலையோடு. இன்னொன்று நான். இருபத்தைந்து வயது, எண்ணெய் தடவி வாரிய முடி. குழுப் படம் ஒன்றிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். பாதிக் காது போயிருந்தது. என் தோளில் உடம்பில்லாத ஒரு கை இருந்தது. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும்.

படத்தின் முன்னால் கோழிக்கறியும் நீள ரொட்டியும், பாகற்காய் சூப், பொரித்த சுருள்கள், ஒரு கிண்ணம் சோறு, சோற்றின்மேல் இரண்டு குச்சிகள். தனித் தட்டில் பெரிய விறால் மீன் தலை. அது எனக்குப் பிடிக்கும் என்று இன்னும் மறக்கவில்லை.

லான் அண்ணி மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாணல்போல் ஆகிவிட்டாள். குனிந்து கும்பிட்டேன். அவள் தலையை அசைத்தாள். என் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தம்பி அண்ணன் மாதிரி இல்லையே" என்றாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி.

"அண்ணனுக்கு முகத்தில் ஒரு களை" என்றார் இன்னொருவர்.

பிறகு என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வருடாவருடம் சொல்லிச் சொல்லி என் கதை வளர்ந்திருந்தது. நான் காய்ச்சலோடு வரிசையில் நின்றேன். மயங்கி விழுந்தும் கையிலிருந்த காகிதத்தை விடவில்லை. ஒரு பெரியவர் என்னைச் சிறைக்கே அனுப்பிவிட்டார். அது பொறுக்காமல், "அவர் சிறைக்கெல்லாம் போகவில்லை" என்று எனக்கிருந்த உடைந்த வியட்நாமிய மொழியில் சொன்னேன். எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். "தம்பி அப்போது சின்னவர். வீட்டில் மறைத்திருப்பார்கள்" என்றார் பெரியவர்.

ஊதுபத்தி கொளுத்தி என் படத்தை நானே மூன்று முறை வணங்கினேன். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க இடம் தேடி வந்தவன், எனக்கே படைத்துக்கொண்டு நின்றேன்.

பத்தி எரிந்து முடிந்தது. இனிமேல் உயிரோடு இருப்பவர்கள் சாப்பிடலாம். ஆனால் அண்ணியின் தாய்வழிச் சீனர்கள் வழக்கப்படி, செத்தவர் சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பழைய செப்புக் காசுகள். ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும். தட்டில் போட்டால் ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக விழவேண்டும். அப்படி விழுந்தால் முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்துவான் காசுகளை உள்ளங்கையில் குலுக்கி, "தோந்தோன், சாப்ட்டு முடிச்சீங்களா?" என்று கேட்டுப் போட்டார். இரண்டும் வெள்ளை.

"சிரிக்கிறார்" என்றார்கள் கூட்டத்தில். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மறுபடி போட்டார். இரண்டும் கறுப்பு.

"இன்னும் முடிக்கவில்லை."

பொரித்த சுருளின் வாசனை வந்துகொண்டிருந்தது. பாக்கெட்டில் கையை விட்டேன். சர்க்கரை இறங்குகிறது. பிஸ்கட் மழையில் கூழாகிவிட்டிருந்தது. மூன்றாவது முறையும் இரண்டும் கறுப்பு.

"இந்தியாவில் மெதுவாகச் சாப்பிடுவார்களோ?" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள்.

"குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு போடுவோம். நேரமாகும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"பீர் வைக்கவில்லை, அதுதான் கோபம்" என்றார் சிறைக்கு அனுப்பிய பெரியவர். ஒரு டின் பீரை உடைத்து என் படத்தின் முன் வைத்தார்கள். நான்காவது முறை. இரண்டும் வெள்ளை. மறுபடி சிரிக்கிறேன். இருபது பேரின் பசி என் ஒருவன் பொறுப்பில் இருந்தது. செத்தவன் நான்தான், நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன், எல்லோரும் உட்காருங்கள் என்று கத்தலாம் போலிருந்தது. பட்டினியாக முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது லான் அண்ணி எழுந்தாள். அந்துவான் தாங்கப் போனார். கையால் விலக்கினாள். ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல நடந்து வந்தாள். படையல் மேஜைக்குப் போகவில்லை. என் முக்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். தமிழில், அண்ணன் கேட்கிற அதே இழுப்போடு கேட்டாள்:

"சாப்டாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி" என்றேன்.

சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். சாமிநாதன் அந்த வீட்டுக்கு வந்தவன் இல்லை. அவனுக்கு அவள் அண்ணி இல்லை. அண்ணி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து நின்றேன். தமிழில்தான் சொல்ல முடிந்தது.

"நான்தான் வைத்தி. நான் சாகல. அந்த லெட்டர நான்தான் எழுதினேன். காகிதத்துக்காக நான் எங்கயும் அலையல. மாதா கோயிலுக்கு ஒரு தடவகூடப் போகல."

அந்துவானின் கையில் காசுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. கூட்டத்தில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "என்ன சொல்கிறார்? என்ன சொல்கிறார்?"

அந்துவான் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அவர்கள் மொழியில் சொன்னார்:

"அண்ணன் சாப்பிட்டு முடித்துவிட்டாராம். எல்லோரும் உட்காருங்கள்."

ஆரவாரமாக முக்காலிகள் இழுபட்டன. என் தட்டில் கறியும் ரொட்டியும் வந்து விழுந்தன. தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்த கறி. நம் ஊர்க் குழம்பு கப்பலேறிப் போய் இனிப்பாக மாறியிருந்தது. சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். மீன் தலையை மட்டும் தொடவில்லை.

இரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்துவான் பாத்திரங்களோடு பின்பக்கம் போனார். அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக, தன் மொழியில் பேசினாள்.

"மெலிஞ்சுட்டே."

"எப்பத் தெரிஞ்சுது அண்ணி? இன்னிக்கா?"

"லெட்டர் வந்த அன்னிக்கு. நான்தானே அவருக்குப் படிச்சுக் காட்டினேன். தம்பின்னு கையெழுத்து. ஞாயித்துக்கிழமையானா மீன் தலை வேணும்னு அடம்பிடிப்பே. ஏன் உனக்கேன்னு கேட்டா, எங்க வீட்டுல நான் ஒரே புள்ள, எனக்குப் பங்கு கேக்க ஆளே இல்லேம்பே. எத்தனை தடவை சொல்லியிருப்பே? ஒரே புள்ளைக்குத் தம்பி எங்கேருந்து வந்தான்?"

என் கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இருந்திருக்காது.

"ஏன் அண்ணன்கிட்ட சொல்லல?"

"காகிதம் போச்சுன்னு தெரிஞ்சுடுச்சு. நண்பனும் போகணுமா? தனக்காக ஒருத்தன் செத்தான்னு நெனச்சா மனுஷன் கொஞ்ச நாள் தெம்பா இருப்பாரு. அதனால யோ வெச்சேன். வருஷா வருஷம் கோழி அடிச்சு, உனக்கு மீன் தலை வறுத்து. அவரும் அழுதுகிட்டே பத்தி கொளுத்துவாரு." ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டாள். "கடைசியில ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப ஒருநாள் சொன்னாரு, 'வைத்திக்கு இப்ப தலை நரைச்சிருக்கும்'னு. உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். லெட்டர் வந்த அன்னிக்கே தெரியும், உனக்குத் தெரிய வேணாம்னு அழுதேன்னாரு. நானும் அதுக்குத்தான் அழுதேன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். சத்தம் தாங்காம நர்ஸ் வந்து திட்டுனா."

"பின்ன ஏன் வேற யாருக்கும் எழுதல?"

"வைத்தியே உசிரோட இருந்துகிட்டு செத்தேன்னு எழுதுறான்னா, அந்த ஊர்ல நமக்கு எடம் இல்லேன்னுதான் அர்த்தம்னாரு. நீ எழுத முடியாததையெல்லாம் அவரு அதுலயே படிச்சுட்டாரு."

ஆக, என் கடிதம் சேரவேண்டிய செய்தியோடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் மனம் நோகக்கூடாது என்று நான் எழுதியது. அவர்கள் இருவரும் ஒருவர் மனம் ஒருவரால் நோகக்கூடாது என்று முப்பது வருடத்துக்கு அருகே கோழி அடித்தார்கள். நான் கரும்பலகையில் கோடு போட்ட சொல்லுக்கு அவர்களிடம்தான் அர்த்தம் இருந்தது. என்னிடம் இருந்தது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு.

"மன்னிச்சுடுங்க அண்ணி."

"அதை அவர்கிட்டக் கேளு." அண்ணனின் படத்தைக் காட்டினாள். "எனக்கு மாத்திரை போடுற நேரம்."

அண்ணன் படத்தின் முன்னால் நின்றேன். கேட்கத் தெரியவில்லை. பக்கத்துப் படத்தில் அவருடைய கை என் தோளில் இருந்தது. "அந்தப் படத்தையாவது எடுத்துடுங்க" என்றேன்.

"எதுக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அந்தப் பையன் செத்துதான் போனான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். சோறு அவனுக்கு. நீ அவனோட தம்பி. தம்பியா வந்தே, தம்பியா சாப்பிட்டே."

வாசலில் மழை விட்டிருந்தது. அந்துவான் என்னிடம் ஹெல்மெட்டை நீட்டினார். "போலாமா, மிஸ்யே?" என்றார். தோந்தோன் என்ற சொல்லை அதன்பின் அவர் எடுக்கவில்லை. மழைக்கோட்டையும் எடுக்கவில்லை. இந்தத் தடவை எல்லாத் தெருவையும் நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும்.

வண்டியில் ஏறக் காலைத் தூக்கினேன். உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. அதற்குள் அந்த விறால் தலை.

"சாமிநாதன்!" என்று கூப்பிட்டாள். "உங்க அண்ணன் சாப்பிடாம வெச்சுட்டான். எடுத்துட்டுப் போ."

அந்தப் பெயருக்குத் திரும்ப எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.